தசம அளவுகளை அனுமானிக்கவும் ஒப்பிடவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? இந்த வரிசையில் போங்கள்

தோட்டத்து மண்டபத்திலோ கோயில் பக்கத்து அறையிலோ மாலை வகுப்பு எடுக்கப் புதிதாக முன்வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் சொந்தப் பிள்ளையை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் அப்பா அம்மாவுக்கும் இதே வரிசை ஒத்துவரும். நான் வகுப்பு எடுப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், மூன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு. கூட்டல் கழித்தலில் கெட்டிக்காரப் பிள்ளைகூட 0.35 கிலோ பெரிதா 0.4 கிலோ பெரிதா என்று கேட்டால் கொஞ்சமும் யோசிக்காமல் 0.35 என்று சொல்லும். அது எங்கே சறுக்குகிறது, எதை முதலில் கற்றுத்தர வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. தட்டுத்தடுமாறித்தான் இந்த வரிசைக்கு வந்தேன், நீங்களும் தடுமாற வேண்டாம்.

எல்லாப் படிக்கும் பொதுவாக ஒரு விதி இருக்கிறது. அனுமானத்தை எழுதி முடிக்காமல் எந்தப் பிள்ளையும் தராசையோ அளவு நாடாவையோ தொடக்கூடாது. இதில் நீங்கள் இளகிவிட்டால் மற்றது எல்லாம் வீண், ஏனென்றால் தராசு எண்ணைக் காட்டிய பிறகு "நானும் அதேதான் நினைத்தேன் அக்கா" என்று எல்லாப் பிள்ளையும் சொல்லும்.

1. முதல் வகுப்புக்கு முன்: தாள், சாமான், செலவு

பள்ளியில் கொடுத்திருக்கும் பாடநூலைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆனால் அது பெரும்பாலும் இரவல் திட்டத்துப் புத்தகம், ஆண்டு முடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதில் கோடு போடவோ விடை எழுதவோ விடாதீர்கள். அதைவிட முக்கியம் ஆசிரியர் திருத்திய பயிற்சிப் புத்தகம். சிவப்பு மை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் வேலை செய்யும் அப்பாவோ மாமாவோ இருந்தால் பழைய தராசுச் சீட்டு ஒன்றிரண்டு கேட்டு வாங்குங்கள். ஆள் பெயர், லாரி எண் இருக்கும் பகுதியை மறைத்துவிட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஆறாவது படியில் தேவைப்படும்.

சாமான்களில் விலை கூடியது சமையல் தராசுதான். 1 கிராம் வரை காட்டும் மின்தராசு இணையக் கடைகளில் 20 வெள்ளி (ரிங்கிட்) சுற்றில் கிடைக்கும். தையல் அளவு நாடா, 1 லிட்டர் அளவுக் குவளை, மருந்துக் கடையில் விற்கும் 10 மில்லிலிட்டர் ஊசி இல்லாத சிரிஞ்சு, இரண்டு மணிலா அட்டை, ஆளுக்கொரு கட்டப் புத்தகம். எல்லாம் சேர்த்து 50 வெள்ளிக்குள் முடிக்கலாம். ஒரு தராசுக்கு நான்கைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம், கடைசியில் நிற்பவன் விளையாடப் போய்விடுவான்.

தராசு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அலகு மாற்றும் பொத்தான் தெரியாமல் அழுத்தப்பட்டால் அவுன்ஸ் கணக்குக்குத் தாவிவிடும், அப்போது திரையில் வரும் எண் யாருக்கும் புரியாது. வகுப்பு தொடங்குமுன் ஒரு கிலோ சீனிப் பையை வைத்துப் பாருங்கள். 1000 கிராமை ஒட்டி, பையின் எடையும் சேர்ந்து கொஞ்சம் கூடுதலாக வந்தால் சரி.

வாரத்துக்கு இரண்டு மாலை, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், ஆறு வாரம் என்று ஒதுக்குங்கள். பள்ளித் தேர்வுக்கு முந்தின வாரம் தொடங்காதீர்கள், அந்த அவசரத்தில் பிள்ளைகள் குறுக்கு வழி மட்டும்தான் கேட்பார்கள்.

2. முதல் நாள் சோதனை மட்டும்

பாடம் எதுவும் வேண்டாம். பலகையில் சில இணைகளை எழுதி, பெரியதைச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள்: 0.4, 0.35. 0.73, 0.6. 0.3, 0.30. 2.05, 2.5. 0.08, 0.1.

இந்த இணைகளைக் கண்டபடி எழுதவில்லை. புள்ளிக்குப் பின்னால் நீளமாக இருப்பதே பெரிது என்று நினைக்கும் பிள்ளை முதல் இணையில் தவறி, இரண்டாவதில் சரியாகப் போட்டுவிடும். இதற்கு நேர்மாறான பிள்ளையும் உண்டு. நூறில் ஒன்று சின்னது, பத்தில் ஒன்று பெரிது என்று எங்கோ கேட்டுவிட்டு, நீளமாக எழுதியிருப்பது எல்லாம் சின்னது என்று முடிவுகட்டியிருக்கும். அது முதல் இணையைச் சரியாகப் போட்டு இரண்டாவதில் 0.6ஐ வட்டமிடும். இந்த இரண்டு இணையை மட்டும் பார்த்தால் இரண்டு பேருக்கும் மதிப்பெண் ஒன்றுதான், நோய் வேறு. யார் எந்த வகை என்று உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 0.3, 0.30 இணையில் இரண்டும் சமம் என்று எழுதும் பிள்ளையிடம் ஏன் சமம் என்று கேட்டு, அது சொல்லும் காரணத்தையும் கவனியுங்கள்.

கடையில் வாங்கும் பயிற்சிப் புத்தகங்களை இந்தச் சோதனைக்கு நம்ப வேண்டாம். நான் வாங்கிய ஒன்றில் பக்கம் பக்கமாக 0.45, 0.62 என்று இரண்டு எண்ணுக்கும் ஒரே நீளம். புள்ளியை மறந்துவிட்டு 45, 62 என்று பார்க்கும் பிள்ளை அதில் முழு மதிப்பெண் வாங்கிவிடும், நமக்கு ஒன்றும் தெரியவராது.

3. ஒரு மீட்டர் அட்டை

மணிலா அட்டையை விரலகலத்துக்கு வெட்டி, துண்டுகளை ஒட்டி, சரியாக ஒரு மீட்டர் நீளத்துக்குப் பட்டை செய்யச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒன்று, நீங்கள் செய்து கொடுக்கக்கூடாது. பட்டையைப் பத்துப் பங்காகப் பிரித்து ஒவ்வொரு பங்குக்கும் வெவ்வேறு நிறம் அடிக்கட்டும். ஒரு நிறம் 0.1 மீட்டர். பிறகு ஏதாவது ஒரு நிறப் பங்கை மட்டும் பத்தாகப் பிரித்தால் சின்னக் கோடு ஒவ்வொன்றும் 0.01 மீட்டர், நாடாவில் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர். அதிலும் ஒன்றை எடுத்துப் பத்தாக்கினால் 0.001, ஒரு மில்லிமீட்டர். கூர்மையான பென்சில் இல்லாவிட்டால் இந்தக் கடைசிப் பிரிப்பு நடக்காது, அதுவே பிள்ளைகளுக்கு அந்த அளவு எவ்வளவு பொடி என்று காட்டிவிடும்.

இப்போது 0.4 எங்கே, 0.35 எங்கே என்று விரல் வைக்கச் சொல்லுங்கள். நான்கு நிறம் தாண்டினால் 0.4. மூன்று நிறம் தாண்டி ஐந்து சின்னக் கோடு போனால் 0.35. விரல் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகு வாக்குவாதம் வராது. 0.3, 0.30 இரண்டுக்கும் விரல் ஒரே இடத்தில் நிற்பதையும் இங்கேயே காட்டிவிடுங்கள்.

வாயால் படிக்கும்போது "புள்ளி முப்பத்தைந்து" என்று சொல்ல விடாதீர்கள். "சுழியம் புள்ளி மூன்று ஐந்து" என்றுதான் படிக்க வேண்டும். முப்பத்தைந்து என்று வாய் சொல்லிவிட்டால் மூளை அதை நான்கோடு ஒப்பிடத் தொடங்கிவிடும்.

"சுழியம் சேர்த்து நீளத்தைச் சமமாக்கு, பிறகு ஒப்பிடு" என்ற குறுக்கு வழியைப் பள்ளியிலோ டியூஷனிலோ சில பிள்ளைகள் கற்றிருப்பார்கள். அதில் தவறில்லை, ஆனால் முதல் மூன்று வாரம் அதை எடுக்காதீர்கள். 0.4ஐ 0.40 ஆக்கி 40, 35 என்று ஒப்பிட்டு விடை சொல்லும் பிள்ளையிடம் 0.4 லிட்டர் தண்ணீரைக் குவளையில் ஊற்றச் சொல்லிப் பாருங்கள். நிறைய பேர் குவளையைப் பிடித்துக்கொண்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள்.

4. கைக்குப் பழகிய சில அளவுகள்

அனுமானிக்கப் பிடிமானம் வேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு மூன்று பொருள் போதும், அதிகம் வேண்டாம்.

எடைக்கு ஒரு கிலோ சீனிப் பை, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி (தண்ணீர் மட்டும் 0.5 கிலோ), கோழி முட்டை இரண்டு. சி தர முட்டை ஒன்று 55லிருந்து 60 கிராமுக்குள் இருக்கும், ஆக இரண்டு சேர்ந்தால் 0.1 கிலோவுக்குச் சற்று மேல். நீளத்துக்கு ஏ4 தாள்: நீளப் பக்கம் 0.297 மீட்டர், அகலம் 0.21 மீட்டர். கொள்ளளவுக்கு அந்த 10 மில்லிலிட்டர் சிரிஞ்சு, அதாவது 0.01 லிட்டர். பத்து முறை ஊற்றினால் 0.1 லிட்டர், நூறு முறை ஊற்றினால்தான் ஒரு லிட்டர். பிள்ளைகளே எண்ணி ஊற்றட்டும், தரை நனையும், துணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பொறி: ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்று தெரிந்த பிள்ளை, ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டும் ஒரு லிட்டர்தான் என்று எழுதும். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஒரு கிலோ எண்ணெய் ஒரு லிட்டருக்கு மேலேயே வரும். பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் வீட்டில் அளந்து பார்த்து வரச் சொல்லுங்கள்.

5. அனுமானம், அளவு, வித்தியாசம்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், இரண்டு வாரம் போனாலும் பரவாயில்லை. கட்டப் புத்தகத்தில் மூன்று பத்தி: என் அனுமானம், உண்மை அளவு, வித்தியாசம். வித்தியாசம் யாருக்குக் குறைவோ அவர் வென்றவர்.

ஒரு பப்பாளிப் பழத்தைக் கொடுத்துக் கையில் தூக்கிப் பார்க்கச் சொல்கிறோம் என்று வையுங்கள். ஒருத்தி 1.2 கிலோ என்று எழுதுகிறாள், ஒருவன் 0.95, இன்னொருவன் 1.35. தராசு 1.08 காட்டுகிறது. முதலாமவளுக்கு வித்தியாசம் 0.12, இரண்டாமவனுக்கு 0.13, மூன்றாமவனுக்கு 0.27. முதல் இரண்டு பேருக்கும் சண்டை வரும், வரட்டும். 0.12 சின்னதா 0.13 சின்னதா என்று அவர்களே பட்டையை எடுத்து விரல் வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் தனியாக ஒப்பிடுதல் பாடம் நடத்த வேண்டிய வேலையே பாதி மிச்சம். ஒருவர் அனுமானம் உண்மையைவிட மேலே, மற்றவர் கீழே என்பதால் எதிலிருந்து எதைக் கழிப்பது என்ற குழப்பமும் வந்து போகும், அது நல்லது.

அலகு எழுதாத அனுமானத்துக்குப் பரிசு இல்லை. வெறும் 1.2 என்று எழுதினால் கிராமா கிலோவா என்று கேளுங்கள். தராசு 1080 என்று கிராமில்தான் காட்டும், அதை 1.08 கிலோவாக மாற்றுவது பிள்ளையின் வேலை, கைபேசியின் வேலை அல்ல.

முதல் வாரம் அனுமானம் தாறுமாறாக இருக்கும், 0.2 கிலோ வெங்காயத்தை 2 கிலோ என்று எழுதும் பிள்ளையும் உண்டு. சிரிக்காமல் சீனிப் பையை மறு கையில் கொடுங்கள், அதுவே அழித்து எழுதிக்கொள்ளும்.

6. மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டரை எப்படி எழுதுவது?

பிள்ளைகள் அதிகமாக விழும் குழி இது. மண்டபத்துச் சுவரை அளந்தால் 3 மீட்டர் 5 சென்டிமீட்டர் வருகிறது, பிள்ளை 3.5 என்று எழுதுகிறது. 2 கிலோ 50 கிராம், 2.50 ஆகிறது. விடை 3.05, 2.05. இங்கே மட்டும் காசைத் துணைக்கு அழையுங்கள்: 3 வெள்ளி 5 சென்னை எந்தப் பிள்ளையும் 3.50 என்று எழுதாது, 45 சென் நஷ்டம் என்று அதற்குத் தெரியும். ஆனால் காசை அதற்கு மேல் இழுக்காதீர்கள். கிலோவில் மூன்று தசம இடம் வரும்போது சென் கணக்கு உடைந்துவிடும், புள்ளிக்குப் பின்னால் எப்போதும் இரண்டு இலக்கம்தான் என்ற நினைப்பும் ஒட்டிக்கொள்ளும்.

தராசுச் சீட்டை இந்தப் படியில் எடுங்கள். அதில் குலையோடு லாரியின் எடை, வெறும் லாரியின் எடை, நிகர எடை என்று மூன்று வரி இருக்கும். கிலோவில் இருந்தால் டன்னுக்கு மாற்றச் சொல்லுங்கள். 14.2 டன்னிலிருந்து 5.86 டன்னைக் கழிக்கும்போது வலப்பக்கமாகத் தள்ளி எழுதி, 2க்குக் கீழே 6ஐ வைக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். புள்ளிக்குக் கீழே புள்ளி வர வேண்டும், விடை 8.34. கணக்குப் போடுமுன் "ஏறக்குறைய எவ்வளவு?" என்று கேளுங்கள். 14இல் 6 போனால் 8 என்று சொன்ன பிள்ளை, பிறகு தவறான விடை வந்தால் தானே கண்டுபிடிக்கும். சமையல் தராசில் கிண்ணத்தை வைத்துச் சுழியமாக்குவதும் வெறும் லாரியைக் கழிப்பதும் ஒரே வேலை என்று சொன்னால் பையன்களுக்குச் சட்டென்று பிடித்துவிடுகிறது.

7. பூப்பந்து வலை

நீளம் வேறுபடும் தசமங்களை ஒப்பிட இதைவிட நல்ல சாமான் எனக்குக் கிடைக்கவில்லை. பூப்பந்து (பேட்மிண்டன்) விதிப்படி வலையின் உயரம் நடுவில் 1.524 மீட்டர், இரட்டையர் ஆட்டத்தின் பக்கக் கோட்டில் 1.55 மீட்டர். இரண்டையும் பலகையில் எழுதி எது உயரம் என்று கேளுங்கள். "1.524தான் அக்கா, ஐந்நூற்று இருபத்து நாலு இருக்கே" என்று பதில் வரும். சரி, வாங்க என்று மண்டபத்துக்குள் கூட்டிப்போய் வலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வலை நடுவில் தாழ்ந்து, ஓரத்தில் ஏறி நிற்கிறது. அப்படியென்றால் எது பெரிது?

பிறகு நாடாவைக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். நம் மண்டபங்களில் வலை தொய்ந்துதான் கட்டியிருக்கும், நடுவில் 1.49 வந்தாலும் ஆச்சரியமில்லை. அதையும் எழுதி 1.49, 1.524, 1.55 மூன்றையும் வரிசைப்படுத்தச் சொல்லலாம். சுழியம் சேர்க்கும் குறுக்கு வழியை இங்கே சொல்லித்தாருங்கள், 1.550 என்று எழுதிப் பார்த்தால் வித்தியாசம் 0.026 மீட்டர், அதாவது 2.6 சென்டிமீட்டர். இப்போது அந்த வழிக்குப் பின்னால் ஒரு வலை இருக்கிறது, வெறும் எண் மட்டும் இல்லை.

நேரம் இருந்தால் திடலையும் அனுமானிக்கலாம்: நீளம் 13.4 மீட்டர், இரட்டையர் அகலம் 6.1 மீட்டர். தையல் நாடா ஒன்றரை மீட்டர்தான் என்பதால் பல முறை வைத்து அளக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் சுண்ணக்கட்டியால் குறியிடச் சொல்லுங்கள்.

8. சில்லறைக் காசு

2012இல் வெளிவந்த வரிசையில் 5 சென் காசின் விட்டம் 17.78 மில்லிமீட்டர், 10 சென் 18.80, 20 சென் 20.60, 50 சென் 22.65. பத்து 5 சென் காசுகளை ஒட்டி வரிசையாக வைத்தால் எவ்வளவு நீளம் என்று அனுமானிக்கச் சொல்லி, அளவுகோலில் பார்த்தால் 17.8 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். பத்தால் பெருக்கினால் இலக்கங்கள் ஓரிடம் நகர்வதை இதைவிடச் சுலபமாகக் காட்ட முடியாது. பழைய வரிசைக் காசு கலந்துவிட்டால் கணக்கு கெட்டுவிடும். பழைய 50 சென் பெரிதாக வெள்ளி நிறத்தில் இருக்கும், புதியது மஞ்சள்.

அளவுகோலின் விளிம்பும் சுழியக் கோடும் ஒன்றல்ல என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். மலிவான பிளாஸ்டிக் அளவுகோல்களில் விளிம்புக்கும் சுழியத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்.

9. வெளியே ஒரு மாலை

பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) கூட்டிப்போவதென்றால் பெற்றோரிடம் ஒரு வரி கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடை விரித்ததும் போய்விட வேண்டும், கூட்டம் கூடிய பிறகு மீன்காரரிடம் பேச முடியாது. அவர் தராசில் எடை, கிலோ விலை, மொத்த விலை என்று மூன்று கட்டம் ஒளிரும், எது எது என்று முதலில் காட்டுங்கள். கெம்போங் மீன் நான்கை அள்ளித் தட்டில் போடுமுன் பிள்ளைகள் எடையைச் சொல்ல வேண்டும். ஏதாவது வாங்காமல் வராதீர்கள், அடுத்த முறை முகம் கொடுக்க மாட்டார்.

பெட்ரோல் நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம், ரசீது போதும். 2025 செப்டம்பர் 30 முதல் அரசின் பெட்ரோல் மானியத் திட்டமான புடி95இல் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி ஆனது. அந்த விலைக்கு 5 வெள்ளி போட்டால் எத்தனை லிட்டர்? 1.99ஐ 2 என்று வைத்தால் இரண்டரை, ரசீதில் 2.51 என்று இருக்கும். ஏன் இரண்டரையைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கடை ரசீதில் இன்னொன்று கிடைக்கும். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை 5 சென்னுக்குக் கிட்டியதாக மாற்றுகிறார்கள்: 12.42 என்றால் 12.40, 12.43 என்றால் 12.45. பாடநூலில் வரும் கிட்டிய மதிப்பு பத்துப் பத்தாக நகரும், இது ஐந்து ஐந்தாக நகரும், இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக் குழப்பாதீர்கள்.

10. நேரம் வரும்போது மட்டும் நின்று போங்கள்

1.5 மணி நேரம் என்பது ஒன்றரை மணி. 1 மணி 50 நிமிடமும் இல்லை, 1 மணி 5 நிமிடமும் இல்லை. மணிக்கு அறுபது நிமிடம் என்பதால் பட்டை இங்கே உதவாது, தனியாகச் சொல்லுங்கள்.

ஓட்டப்பந்தயத்தில் சின்ன எண் வெல்கிறது. உசேன் போல்ட் 2009இல் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். ஒருவர் 9.6 விநாடியில் ஓடினால் சாதனை முறியுமா என்று கேளுங்கள். எண்ணைச் சரியாக ஒப்பிட்டுவிட்டு வென்றவரை மாற்றிச் சொல்லும் பிள்ளையும் இருக்கும், அதற்குத் தசமம் தெரியும், கேள்வியைத்தான் சரியாகப் படிக்கவில்லை.

11. ஆறாம் வாரம்

முதல் நாள் இணைகளையே எண்ணை மாற்றி மறுபடியும் கொடுங்கள். கூடவே மேசையில் மூன்று பொருள் வையுங்கள், ஒரு சோளம், பாதி காலியான புட்டி, ஒரு செருப்பு, எதுவானாலும் சரி. தராசு இல்லாமல் எடையை எழுதி, எழுதிய எண்களை ஏறுவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள், பிறகு நிறுத்துப் பாருங்கள். அனுமானம் தள்ளிப்போயும் தான் எழுதிய எண்களைச் சரியாக அடுக்கிய பிள்ளை போதுமான அளவு கற்றுவிட்டது, கை பழகப் பழகச் சரியாகும். அனுமானம் கச்சிதமாக இருந்தும் எண்களைத் தப்பாக அடுக்கிய பிள்ளையை மூன்றாம் படிக்குத் திருப்பி அழைத்துப் பட்டையைக் கையில் கொடுங்கள், இன்னும் இரண்டு வாரம் பிடிக்கும். அதற்காக மற்றவர்களைக் காக்க வைக்க வேண்டாம், அவர்கள் விழுக்காடு பக்கம் போகலாம்.